மேயர் கையில் இருப்பது பஸ். அதைப் பற்றிக் கேளுங்கள்

ரொறன்ரோ மேயராக வர நினைக்கிற ஒருவர் எங்கட தமிழ் ஆக்களின் கூட்டத்தில் பேசின அந்த வீடியோவை இதுவரை எட்டுப் பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். காணும். மண்டபம் எது, மேடையில் நின்றவர் யார் என்பதெல்லாம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். "நான் மேயராக வந்தால் ஸ்காபரோ சப்வேயைக் கெதியாக முடிப்பேன்" என்றார். மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. தட்டினது முழுக்க எங்கட ஆக்கள். அவ்வளவு பேரில் ஒருவர்கூட "எப்படி?" என்று கேட்கவில்லை.

அங்கே கேட்காத கேள்வியை இங்கே கேட்கிறேன். எப்படி?

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், கென்னடி நிலையத்தில் இருந்து ஷெப்பர்ட்–மக்கோவன் சந்தி வரைக்கும் 7.8 கிலோமீற்றர் சுரங்க ரயில் பாதை, மூன்று நிலையங்கள். இந்தத் திட்டத்தை 2019இலேயே மாகாண அரசு தன் கைக்கு எடுத்துவிட்டது. கட்டுவது மாகாணத்தின் போக்குவரத்து நிறுவனமான மெட்ரோலிங்ஸ். ஒப்பந்தம் போட்டது, காசு கொடுப்பது, எந்த மாதம் எந்த இடத்தில் தோண்டுவது என்று முடிவெடுப்பது எல்லாம் மாகாணம். ரொறன்ரோ மேயரால் அந்தச் சுரங்கத்தை ஒரு நாள்கூட முன்னுக்குக் கொண்டுவர முடியாது. 2026 ஒக்டோபர் 26ஆம் திகதி நாங்கள் தெரிவுசெய்யப் போகிறவர் யாராக இருந்தாலும் இதுதான் நிலைமை. மேயர் கையில் இருப்பது பஸ்.

நகரத்தின் பஸ்ஸையும் சப்வேயையும் ஓட்டுகிற ரி.ரி.சிக்கு நகரசபை வருடாவருடம் 100 கோடி டொலருக்கு மேல் கொடுக்கிறது. ரி.ரி.சி இயக்குநர் சபையில் பத்துப் பேர், அதில் ஆறு பேர் நகரசபை உறுப்பினர்கள். 2022இல் வந்த 'பலமான மேயர்' சட்டத்துக்குப் பிறகு பட்ஜெட்டை முன்வைப்பதே மேயர்தான். சபை அதை மாற்றினால் அந்த மாற்றத்தைத் தடுக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. 133 நீல்சன் பஸ் காலையில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வரும், எந்தத் தெருவில் பஸ்ஸுக்குத் தனிப்பாதை போடுவது, தரிப்பிடத்தில் பனியை எப்போது தள்ளுவது என்பதெல்லாம் அவர் மேசைக்கு வருகிற விஷயங்கள். அவரிடம் போய்ச் சுரங்கத்தைக் கேட்கிறோம். அவரும் சுரங்கத்தையே தருகிறேன் என்கிறார்.

இது எத்தனையாவது தடவை என்று பாருங்கள். 2007இல் டேவிட் மில்லர் மேயராக இருந்தபோது ட்ரான்சிட் சிற்றி என்று ஏழு இலகு ரயில் பாதைகள். 2010 டிசம்பர் 1, பதவியேற்ற முதல் நாளே அடுத்த மேயர் ரொப் ஃபோர்ட் அது முடிந்தது என்றார். "சப்வே, சப்வே, சப்வே" என்று அவர் சொன்னது ஸ்காபரோவில் வீட்டுக்கு வீடு கேட்டது. 2012இல், ஸ்காபரோவில் ஓடிய சின்ன ரயிலான ஆர்.ரியின் பழைய பாதையிலேயே ஏழு நிலையங்களோடு ஷெப்பர்ட் வரை இலகு ரயில் போடக் கையெழுத்தானது. முழுக் காசும் மாகாணத்தின் காசு. 2013 ஒக்டோபரில் நகரசபையில் அதையும் 24க்கு 20 வாக்கில் தூக்கி எறிந்தார்கள். மூன்று நிலையச் சப்வேக்காக சொத்து வரியை மூன்று வருடத்தில் 1.6 வீதம் ஏற்றினார்கள். 2016இல் மூன்று நிலையம் ஒன்றாகச் சுருங்கியது. 2019இல் திரும்ப மூன்றாகியது. இவ்வளவும் மாறி மாறி நடந்த காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது 1985இல் ஓடத் தொடங்கிய ஆர்.ரியின் அதே ரயில் பெட்டிகள்தான்.

அந்த ஆர்.ரியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மற்ற ரயில்களைப் போலச் சக்கரத்தைச் சுற்றுகிற மோட்டார் அதில் இல்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஓர் அலுமினியப் பட்டை படுத்திருக்கும். பெட்டியின் அடியில் இருக்கும் மின்காந்தம் அந்தப் பட்டையைத் தள்ளித்தான் வண்டி ஓடும். பட்டைக்கும் பெட்டிக்கும் இடைவெளி ஒரு விரல் தடிப்பு. அதில் பனி உறைந்தால் வண்டி தடுமாறும். அதனால்தான் பனிக்காலத்தில் அடிக்கடி நிறுத்தி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். 2023 ஜூலை 24 பின்னேரம், எல்ஸ்மியர் நிலையத்துக்குத் தெற்கே, அந்தப் பட்டையைப் பிடித்திருந்த போல்ட்டுகள் விட்டுப்போய், கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. ஐந்து பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் ஒன்றும் போகாதது எங்கட அதிர்ஷ்டம். அந்த நவம்பரில் எப்படியும் மூடுவதாக இருந்த பாதை, அன்றோடு மூடியது மூடியதுதான்.

புதுச் சப்வே 2030 அளவில் வரும் என்கிறார்கள். இதே மெட்ரோலிங்ஸ் கட்டிய எக்ளிண்டன் ரயில் பாதை வேலை 2011இல் தொடங்கியது. 2020இல் திறக்கும் என்றார்கள். கடைசியில் 2026 பெப்ரவரியில்தான் முதல் பயணி ஏறினார். சரி, 2030 என்றே வைத்துக்கொள்வோம். 2023இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளை அப்போது பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில் நிற்கும். அந்தப் பிள்ளையின் பள்ளிக்காலம், படிப்புக்காலம் முழுக்கப் பஸ். மேயர் கையில் இருக்கிற பஸ்.

பஸ் என்றால் "இன்னும் கொஞ்சம் கூட விடுங்கோ" என்பதோடு நிற்கிறோம். எப்படிக் கூட விடுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பாதையில் போய்த் திரும்பி வர 60 நிமிடம், 6 நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டும் என்றால் 10 பஸ்ஸும் 10 சாரதிகளும் தேவை. அதே பாதை நெரிசலில் 72 நிமிடமாகினால், அதே 6 நிமிடச் சேவைக்கு 12 பஸ் தேவை. அந்த இரண்டையும் தராவிட்டால் அட்டவணையில் 6 என்று எழுதியிருந்தாலும் தெருவில் 7 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதோடும் நிற்காது. முன்னால் போகிற பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் அடுத்த தரிப்பில் கூடச் சனம் நிற்கும். ஏற்ற நேரமெடுக்கும், இன்னும் பிந்தும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஏற ஆளில்லை, அது ஓடி வந்து முன்னதை முட்டிக்கொண்டு நிற்கும். இருபது நிமிடம் ஒன்றும் இல்லை, பிறகு மூன்று ஒன்றாக வருகிறது என்று நீங்கள் திட்டுவது சாரதியின் பிழையால் வருவதில்லை.

பஸ்ஸுக்குத் தனிப்பாதை போட்டு அந்த 72ஐத் திரும்ப 60 ஆக்கினால் இரண்டு பஸ் வாங்காமலே கிடைக்கிறது. தரிப்பிடத்தைச் சந்தியின் இந்தப் பக்கம் வைக்காமல் விளக்கைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தால், பஸ் பச்சையில் போய்விட்டுப் பிறகு ஆளை ஏற்றும். ஏற்றி முடிய சிவப்பில் மாட்டாது. பெயின்ற், பலகை, சிக்னல் பெட்டியில் ஒரு மாற்றம். எக்ளிண்டன் கிழக்கில் 2020 ஒக்டோபரில் சிவப்புப் பாதை போட்டார்கள். சுரங்கம் தோண்டத் தேவைப்படவில்லை. பழைய ஆர்.ரி வழியில் கென்னடியில் இருந்து எல்ஸ்மியர் வரை, ஏறத்தாழ 4 கிலோமீற்றர், தண்டவாளத்தைக் கழற்றி பஸ்ஸுக்கென்று தனித் தெரு போடுகிறார்கள். 2023 தேர்தலில் வென்று மேயரான ஒலிவியா சௌ அப்போது சொன்ன விஷயம் அது. 2026இல் திறப்பதாகச் சொன்னார்கள். திறந்தால் அதில் எத்தனை பஸ் ஓடும்? எல்ஸ்மியரில் இறங்கி ஸ்காபரோ ரவுண் சென்ரர் வரைக்குமான மிச்சத் தெருவில் என்ன ஏற்பாடு? இதைத்தான் அந்த மண்டபத்தில் கேட்டிருக்க வேண்டும்.

"நீ சப்வேக்கு எதிரி" என்று எழுதப் போகிறீர்கள். இல்லை. சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், தோண்டி முடிக்கட்டும், நானும் ஏறுவேன். வருகிறதை யாரும் தடுக்கவில்லை. தன் கையில் இல்லாத ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லி, தன் கையில் இருக்கிறதைப் பற்றி வாய் திறக்காமல் போகிறவரைப் பற்றித்தான் கதைக்கிறேன்.

"கார் ஓட்டுகிறவர்களுக்கு நெரிசல் கூடும்" என்பீர்கள். கூடும் சில இடத்தில். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் நிற்கிறார்கள், அவ்வளவுதான் பதில்.

"நியூயோர்க் மேயர் தேர்தலில் மம்தானி இலவச பஸ் என்று சொல்லி வென்றார், நாங்களும் அதைக் கேட்கலாமே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நல்ல உதாரணம்தான், ஆனால் அங்கேயும் பஸ் ஓட்டுவது மாநிலத்தின் கீழ் இருக்கிற எம்.ரி.ஏ, மேயர் ஆளுநரிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். 2023–24இல் ஐந்து வழித்தடங்களில் இலவசமாக விட்டுப் பார்த்தார்கள். ஏறுகிற சனம் கூடியது, வேகம் கூடவில்லை. எங்கட மேயருக்கு அந்தச் சிக்கல்கூட இல்லை, பஸ் அவர் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு தரம் பஸ் ஏறக் கொடுக்கிற காசு பெரிய காசுதான். ஆனால் வராத பஸ்ஸை இலவசமாக்கி என்ன செய்வது?

"டவுன்ரவுணுக்குச் சப்வே, எங்களுக்குப் பஸ்ஸா? நாங்கள் இரண்டாந்தரமா?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு உடனே பதில் வராது. ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. இந்த நகரம் ஸ்காபரோவை அப்படித்தான் நடத்தியது. ஆனால் அந்த நோவை எடுத்துத்தான் பதினைந்து வருடமாக வாக்குக் கேட்கிறார்கள். "உங்களுக்குத் தகுதி இருக்கிறது" என்று சொன்னால் எங்களுக்கு மனம் இளகும் என்று அவர்களுக்குத் தெரியும். 2014 மேயர் தேர்தலில் சௌ பஸ் சேவையைக் கூட்டுவேன் என்றபோது, எதிர்த்து நின்ற ஜோன் ரோரி அதை எடுபடாத யோசனை என்றார். தான் 22 நிலையம், 53 கிலோமீற்றர், ஏழு வருடத்தில் ஸ்மார்ட்ராக் என்று ஒரு ரயில் என்றார். வென்றார். 2015 ஜனவரியில் முதல் வேலையாக என்ன செய்தார்? வெட்டின பஸ் சேவையைத் திரும்பக் கொண்டுவந்தார். ஸ்மார்ட்ராக் என்று ஒரு ரயில் இன்றுவரை ஓடவில்லை, மாகாணத்தின் கோ ரயில் பாதையில் ஒரு சில நிலையங்களாகச் சுருங்கிக் கிடக்கிறது. கதிரையில் இருந்தவுடன் அவருக்கே விளங்கியிருக்கிறது, மேயர் கையில் இருப்பது பஸ் என்று.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறா. ஸ்காபரோவின் மல்வேர்னில் இருந்து நகர மத்தியில் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு வேலைக்குப் போகிறவ, ஏழு மணிக்குத் தொடங்க வேண்டும். ஆர்.ரி நின்ற பிறகு மூன்று தரம் பிந்திப் போய் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கிறா. அதற்குப் பிறகு, தமிழ்க்கடை நாட்காட்டியில் கிழிக்கிற தாளை எறியாமல், பின்பக்கத்தில் நேரம் எழுதத் தொடங்கினா. தரிப்புக்கு வந்த நேரம், பஸ் வந்த நேரம், கென்னடியில் இறங்கின நேரம். நீலப் பேனை, குளிரில் கை நடுங்கின எழுத்து. ஒரு தாளில் 4:58, 5:21, 5:56. அடுத்ததில் பஸ் வந்த நேரத்துக்குப் பக்கத்தில் "நிறுத்தவில்லை, நிரம்பிவிட்டது" என்று மட்டும். ஒரு தாளின் முன்பக்கத்தில் தைப்பூசம், நல்ல நேரம் போட்டிருக்கிறது.

அந்த மண்டபத்தில் பொன்னாடை போர்த்தின கைகளை நினைக்க எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவர் "வணக்கம்" என்று சொன்னவுடன் உருகிப் போனோம். எங்கட மொழியில் ஒரு சொல் சொன்னதற்கே இவ்வளவு நன்றி காட்ட வேண்டிய நிலையிலா நாற்பது வருடம் கழித்தும் இருக்கிறோம்? இந்த நகரத்தின் ஆஸ்பத்திரிகளையும் தொழிற்சாலைகளையும் விடிய முன்னம் திறக்கிறவர்களில் எங்கட ஆக்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவரையாவது மேடைக்கு அழைத்தீர்களா? முன்வரிசையில் இருந்தவர்களில் எத்தனை பேர் அன்றைக்குப் பஸ்ஸில் வந்தீர்கள்? வாகனத் தரிப்பிடம் நிரம்பி, தெரு முழுக்க கார் நின்றதை நான் பார்த்தேன். காரில் வந்தது பிழை என்று சொல்லவில்லை. பஸ்ஸில் போகிறவளின் கேள்வியைக் கொண்டுவராமல் வந்ததுதான் நோகுது.

ஜனவரியில் நகர பட்ஜெட் வருகிறது. பொதுமக்கள் பெயர் கொடுத்து, சில நிமிடம் நேரில் பேசலாம். அக்காவிடம் கேட்டேன், வாறீங்களா என்று. பகலில் வேலை, லீவு கேட்டால் இன்னொரு கடிதம் வரும் என்று சொன்னா. பிறகு உள்ளே போய் ரப்பர் வளையம் போட்ட கட்டு ஒன்றை எடுத்து வந்து தந்தா. "நீ கொண்டு போ, ஆனால் திருப்பித் தா" என்றா.

எண்ணிப் பார்த்தேன். 41 தாள்கள்.