கார் இல்லாதவர்களுக்கு எதற்குப் பார்க்கிங்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்ததை அன்றிரவே இங்கே சுருக்கமாக எழுதியிருந்தேன். மறுபடியும் முழுவதையும் சொல்லப் போவதில்லை. காரை விற்றுவிட்ட எங்களுடைய பார்க்கிங் இடத்தில் நின்ற சைக்கிள்களை எடுத்துவிட்டு, ஒருவர் தன் இரண்டாவது காரை நிறுத்திவிட்டார், அதைப் பற்றித்தான் பேச்சு. இதைப் பற்றி இனி எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். முடியவில்லை. குழம்புக்குப் புளி கரைக்கும்போதும், ஆலந்தூரில் ரயில் மாறும்போதும் அந்த ஒரு கேள்வி வந்து நிற்கிறது. "கார் இல்லாதவர்களுக்கு எதற்குப் பார்க்கிங்?"

கேட்டவர் கெட்ட மனிதர் இல்லை. கொரோனா காலத்தில் நானும் கணவரும் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாரம் எங்கள் வாசலில் பாலும் மாத்திரையும் வைத்துவிட்டுப் போனவர். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் அன்று எனக்கு வாயே எழவில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன்.

எங்களிடம் கார் இருந்தது. 2023 ஜனவரியில் விற்றோம். பணமுடை வந்து விற்கவில்லை, போதும் என்று விற்றோம். இதை ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே கோபம் வருகிறது. வாங்க வசதியே இல்லாத ஒருவர் எங்கள் குடியிருப்பில் இருந்தாலும், அவரிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா?

எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நான்கு சைக்கிள்கள் நின்றன. ஒன்று என் மகளுடையது. ஒன்று காவலாளியுடையது. மற்ற இரண்டும் இங்கே வீட்டு வேலைக்கு வரும் இரண்டு பெண்களுடையவை. அதில் ஒருவர் கேள்வி கேட்டவர் வீட்டிலும்தான் பாத்திரம் துலக்குகிறார். கேள்வி கேட்டவர்தான் சைக்கிள்களை எடுத்து வெளியே மதிலோரம் சாய்த்துவிட்டுத் தன்னுடைய இரண்டாவது காரை அங்கே நிறுத்திவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு கல்யாணம் கார்த்திகை என்றால், நானே எடுத்து வைத்திருப்பேன்.

சட்டம் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "அது உங்கள் சொத்து இல்லை மேடம்" என்றார். உண்மைதான். தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே இருக்கும் பார்க்கிங் எல்லோருக்கும் பொதுவான இடம், கட்டுநர் அதைத் தனியாக விற்க முடியாது என்று 2010-இல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். பொது இடம் என்றால் அது காருக்கு மட்டும் பொதுவா? சைக்கிளுக்குச் சொந்தக்காரர்கள் மனிதர்கள் இல்லையா? இந்தக் கேள்விக்கு அன்று ஒருவரும் பதில் சொல்லவில்லை. தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். பன்னிரண்டரை சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 135 சதுர அடி. என் மகள் படுத்து, படித்து, துணி வைத்து, சண்டை போட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் அறை பத்துக்குப் பத்து. 100 சதுர அடி. எங்கள் வீட்டில் இருந்த கார் ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக ஓடியது. மீதி நேரம் முழுவதும் எங்கேயோ நின்றது. நின்றுகொண்டே இருக்கும் ஒரு பொருளுக்கு, வளரும் பெண்ணைவிடப் பெரிய அறை.

இனி ஓட்டிய கதை. நங்கநல்லூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட். கத்திப்பாரா ஏறி, ஈக்காட்டுத்தாங்கல், அசோக் பில்லர், வடபழனி, கோயம்பேடு, திருமங்கலம், பாடி. இந்தப் பெயர்களை எழுதும்போதே என் தோள் மேலே ஏறுகிறது. நூறடி சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். காலையில் ஒன்றேகால் மணி நேரம், மாலையில் ஒன்றரை. இடது கால் கிளட்சைப் பாதி அழுத்தியபடியே இருக்கும். இடப்பக்கம் ஒரு ஸ்கூட்டர் கண்ணாடியை உரசும். பின்னால் இருப்பவர் சிக்னல் பச்சையாவதற்கு மூன்று நொடி முன்பே ஹாரனில் கை வைத்துவிடுவார். பல் வலி என்று மருத்துவரிடம் போனால், "தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா?" என்று கேட்டார். கடைவாய்ப் பல் இரண்டும் தேய்ந்து தட்டையாகியிருந்தன. தூக்கத்தில் இல்லை டாக்டர், வடபழனி சிக்னலில் கடிக்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இது நிறையப் பேருக்கு இருக்கிறது" என்றார்.

பல் போகட்டும். அதைவிட மோசமான ஒன்று நடந்தது. 2022 டிசம்பரில் ஒரு மாலை, கோயம்பேடு தாண்டி ஒரு மாநகரப் பேருந்து எனக்கு முன்னால் நடுச்சாலையில் நின்றது. நிறுத்தத்தில் ஆட்டோக்கள் அடைத்துக்கொண்டிருந்ததால் அவருக்கு ஓரம் கட்ட இடமில்லை. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்போது புரியவில்லை. பக்கவாட்டில் ஏறிப் போய்க் கண்ணாடியை இறக்கி அந்த ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினேன். என்ன வார்த்தை என்று இங்கே எழுத மாட்டேன். என் வாயில் அது வரைக்கும் வந்திராத வார்த்தை. அவர் குனிந்து என்னைப் பார்த்தார். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் முன்னால் திரும்பிக்கொண்டார்.

என் அப்பா பல்லவனில் ஓட்டுநர். பெயர் மாநகரப் போக்குவரத்துக் கழகம் என்று மாறிய பிறகும் அவருக்கு அது பல்லவன்தான். முப்பத்தோரு வருடம் ஓட்டினார். அதில் பல வருடம் தாம்பரம் – பாரிமுனை 21ஜி. அவரும் இப்படித்தான் துண்டால் முகத்தைத் துடைப்பார். அந்தக் காலத்து வண்டியில் இன்ஜின் ஓட்டுநர் பக்கத்திலேயே இருக்கும். சூடு இடது காலைப் பொசுக்கும். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. இன்றைக்கும் படியில் வலது காலைத்தான் முதலில் வைக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தவிட்டு ஒத்தடம் கொடுப்பாள். எத்தனை பேர் அவரை எத்தனை சிக்னலில் நான் கத்தியதைப் போலக் கத்தினார்களோ. ஒரு நாளும் வீட்டில் வந்து சொன்னதில்லை.

அடுத்த மாதம் காரை விற்றோம். ஏன் என்று கேட்டவர்களிடம் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது, காப்பீடு ஏறிவிட்டது என்றெல்லாம் சொன்னேன். அதுவும் பொய் இல்லை. பெட்ரோல், காப்பீடு, சர்வீஸ் எல்லாவற்றையும் மாதக்கணக்காக்கினால் எனக்குப் பன்னிரண்டாயிரம் ஆனது. இப்போது மெட்ரோ, ஆட்டோ, எப்போதாவது வாடகைக் கார் எல்லாம் சேர்த்து நாலாயிரத்தைத் தாண்டிய மாதம் குறைவு. ஆனால் உண்மையான காரணம் அந்தத் துண்டுதான். அதை இன்றுதான் எழுதுகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது நங்கநல்லூர் ரோடு மெட்ரோவுக்கு நடக்கிறேன். ஆலந்தூரில் மாறி, திருமங்கலத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ். காரைவிடப் பத்து நிமிடம் கூடுதலாகும் நாளும் உண்டு. ஆனால் அந்த நேரம் எனக்குச் சொந்தம். படிக்கிறேன். தூங்குகிறேன். என் ஊரை முதல் முறையாகப் பார்க்கிறேன். பதினோரு வருடம் ஓட்டிய அதே சாலையில் எத்தனை தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. பல் கடிப்பது நின்றுவிட்டது.

கூட்டம் முடிந்து படியேறும்போது ஒருவர், "பெண்களுக்குச் சென்னையில் ஓட்டுவது கஷ்டம்தான் மேடம், புரிகிறது" என்று ஆறுதல் சொன்னார். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குத் தனியாக, இரண்டு முறை ஓட்டிப் போயிருக்கிறேன் சார். உங்கள் ஆறுதல் எனக்கு வேண்டாம்.

அவசரத்துக்கு என்ன செய்வீர்கள் என்பது அடுத்தது. நியாயமான கேள்வி. போன வருடம் அத்தைக்கு இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலி. 108-ஐக் கூப்பிட்டோம். வந்து சேர்ந்த அந்தப் பதினேழு நிமிடம் என் வாழ்க்கையில் மிக நீளமானது. கார் இருந்திருந்தால் என்று நான் அப்போது நினைக்கவில்லை என்றால் பொய். ஆனால் என் கை நடுங்கிய நடுக்கத்தில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் அத்தையோடு நானும் சேர்ந்து போயிருப்பேன். வந்த பையன் ஏறியவுடனே ஆக்சிஜன் வைத்தான். என் காரில் யார் வைத்திருப்பார்கள்? அத்தை நலமாக இருக்கிறார்.

எல்லோர் வீட்டுக்குப் பக்கத்திலும் மெட்ரோ இல்லை. அதுவும் சரி. இரண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டர், முழுவதும் வந்தால்தான் பல பகுதிகளுக்கு விடிவு. அங்கே இருப்பவர்களை நான் காரை விற்கச் சொல்லவில்லை. யாரையும் விற்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே கணவர் ஸ்கூட்டரில்தான் போகிறார். நான் கேட்பது, விற்றவளைக் கேவலமாகப் பார்க்காதீர்கள் என்று மட்டும்தான்.

பஸ்ஸில் இடிப்பார்களே என்றால், ஆமாம், இடிப்பவர்கள் இருக்கிறார்கள். என் கைப்பையில் ஊக்கு இருக்கிறது. இருபது வயதிலிருந்து இருக்கிறது. அதற்குத் தீர்வு, வசதியுள்ள பெண்கள் எல்லோரும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மற்றவர்களை அங்கேயே விட்டுவிடுவதா?

இப்போது என்னை உண்மையாகவே சுட்ட விஷயத்துக்கு வருகிறேன். பார்க்கிங் பேச்சு முற்றியபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஓசி பஸ்ஸில் போகிறவர்களுக்கு இவ்வளவு ரோஷமா?" என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு ஈடான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் என் வருமான வரியும் இருக்கிறது, எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் சோப்பு வாங்கும்போது கட்டும் வரியும் இருக்கிறது. சரி, கத்திப்பாரா மேம்பாலத்தை 2008-இல் திறந்தார்கள். இத்தனை வருடத்தில் அதில் ஏறி இறங்க நாம் யாராவது தனியாக ஒரு பைசா கொடுத்திருக்கிறோமா? சாலை வரி கட்டுகிறோம் என்பீர்கள். நானும் கட்டினேன், வண்டி வாங்கிய அன்று ஒரே முறை. நாள் முழுவதும் தெருவோரத்தில் இலவசமாகக் காரை நிறுத்தலாம், அதற்குப் பெயர் உரிமை. ஒரு பெண் நாலு நிறுத்தம் பஸ்ஸில் போனால் ஓசி. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்ற படத்தை எல்லோரும் பார்த்தோம். எங்கள் குடியிருப்பிலிருந்தும் மூன்று கார்கள் அங்கே போயின. பொதுமக்கள் பாலம்தானே அது? அன்று யாரும் யாரையும் ஓசி என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வண்டியை அங்கே விட்டுவிட்டு நனைந்துகொண்டு வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல். சாலையில் ஒரு வண்டி குறைந்தால் நல்லது என்று நினைத்தவளுக்கு மாலை போட வேண்டாம். சிரிக்காமலாவது இருந்திருக்கலாம்.

அந்தச் சிரிப்பு எழுந்தபோது அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். போண்டாவும் காபியும் உண்டு என்று நான்தான் அழைத்துப் போயிருந்தேன். முப்பத்தோரு வருடம் அந்தப் பஸ்ஸை ஓட்டிய மனிதர். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. லிஃப்ட் முன்னால் நின்றபோது மட்டும், "கண்ணு, அடுத்த முறை நான் வரவில்லை" என்றார்.

சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பொது இடத்தில் சைக்கிளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. கார் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. திங்கள், செவ்வாய் இரண்டு இரவும் மழை. நான்கு சைக்கிள்களும் வெளியே நனைந்தன. இன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா மதிலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, இடது காலை நீட்டிக்கொண்டு, சங்கிலிகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மூன்று முடிந்திருந்தன. நான்காவதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.