இட்லிக்குக் காய்ச்சல் என்று எழுதியது குற்றமா, சித்தப்பா?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பதிவையும் அதற்குக் கீழே நடந்ததையும் பார்த்தவர்களுக்கு மறுபடி கதை சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: சின்னவள் ஆவி பறக்கிற இட்லியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இட்லிக்குக் காய்ச்சல்" என்றாள். ஓடிப்போய்த் தன் மருந்து பாட்டில் மூடியை எடுத்துவந்து இட்லியின் தலையில் கவிழ்த்தாள். அவ்வளவுதான் பதிவு. எங்கள் சொந்தத்திலேயே பெரியவர், எனக்குச் சித்தப்பா முறை, அதற்குக் கீழே "பிள்ளையை வைத்து லைக் பொறுக்குகிறாய், ஊரில் யாரும் பெறாத பிள்ளையா பெற்றுவிட்டாய்" என்று எழுதினார். அதற்கு முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அதில் நாலு பேர் என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள்.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். பெரியவர்களை எதிர்த்து எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் "பொறுக்குகிறாய்" என்ற சொல்தான் வந்து நிற்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

யாரும் பெறாத பிள்ளை இல்லை சித்தப்பா. எல்லோரும் பெறுகிற பிள்ளைதான். நான் எழுதுவது அவளுக்காக. பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்தது எதுவும் பிறகு நினைவில் நிற்பதில்லை. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இட்லிக்கு மருந்து கொடுத்தபோது இவளுக்கு இரண்டேகால் வயது. அப்போது அந்த அடுப்படியில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி மறக்கப் போகிறவள், இன்னொருத்தி நான். நான் எழுதி வைக்காவிட்டால் அப்படி ஒன்று நடந்ததற்கே தடயம் இல்லை.

முகநூலில் வருவது பத்தில் ஒன்றுகூட இல்லை. மீதியெல்லாம் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிற 200 பக்க நோட்டில் இருக்கிறது. தேதி, வயது, என்ன சொன்னது, பக்கத்தில் யார் இருந்தது, இவ்வளவுதான் எழுதுவேன். பாதிப் பக்கத்தில் எண்ணெய்க் கறை. "வெண்டைக்காய்க்கு வண்டிக்காய் என்கிறாள்." "கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நான் தூங்கிட்டேன், பேசாதே என்கிறான்." "இன்று முதன்முதலாகச் செருப்பைச் சரியான காலில் போட்டான், பிறகு கழற்றி மாற்றிப் போட்டுக்கொண்டான்." இதையெல்லாம் யாரிடம் காட்டி லைக் வாங்கினேன்?

அந்த நோட்டு என் பெரியவனுக்கு என்ன செய்தது என்று இங்கே இதுவரை எழுதியதில்லை, இன்று எழுதுகிறேன். ஒரு வயது இரண்டு மாதத்தில் அவனுக்கு மூன்று சொல்: ம்மா, காக்கா, தா. ஒன்றரை வயதில் பதினொரு சொல். ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதியிருந்தேன். அந்த மழைக்காலத்தில் சளி மேல் சளி. அப்புறம் நோட்டில் புதுச்சொல் எதுவும் ஏறவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரும் "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், நீயா எதையாவது நினைச்சுக்கிட்டு அலையாதே" என்றார்கள். நானும் நம்பினேன். பிறகு மனசு கேட்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் எப்போதிலிருந்து என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, நோட்டை நீட்டினேன். அவர் நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். "பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, குறும்பு" என்று நான்தான் எழுதியிருந்தேன். "இது குறும்பு இல்லைம்மா" என்றார். பரிசோதித்ததில் இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்திருந்தது. மூன்று மாதம் பார்த்தார்கள், வற்றவில்லை, சின்னக் குழாய் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் குக்கர் விசில் அடித்ததும் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லோர் வீட்டிலும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை எப்போது என்ன செய்தது என்று குறித்து வைப்பது பெருமை பீற்றுவது இல்லை. அரசு கொடுக்கிற தாய் சேய் நல அட்டையிலேயே எடை வரைபடத்தோடு, எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும் என்று படம் போட்டிருக்கிறார்கள். அங்கன்வாடியில் எடை போட்டுப் புள்ளி வைத்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் என்ன லைக்குக்காகவா செய்கிறார்கள்?

இது நேற்று முகநூல் வந்த பிறகு தொடங்கிய பழக்கமும் இல்லை. பிள்ளைத்தமிழ் என்று நம்மிடம் ஒரு இலக்கியமே இருக்கிறது, பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறதே பிள்ளை, அது செங்கீரை. கைதட்டுவது சப்பாணி. தளர்நடை போட்டு வா வா என்று கூப்பிட்டால் வருகிறதே, அது வருகை. சாமியையும் அரசனையும்தான் பாடினார்கள், சரி. ஆனால் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் எப்படித் தலையைத் தூக்குகிறது என்று யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து உற்றுப் பார்க்காமல் அந்தப் பாட்டு எப்படி வந்திருக்கும்?

வெளிநாட்டுக்காரர் சொன்னால்தான் கேட்போம் என்றால் டார்வினைச் சொல்கிறேன். 1839 டிசம்பரில் மூத்த மகன் வில்லியம் பிறந்ததும் நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினார். முதல் வாரத்தில் தும்மினான், விக்கினான், கொட்டாவி விட்டான் என்பதுவரை இருக்கிறது. 1877இல் அதைக் கட்டுரையாக்கி ஒரு ஆய்விதழில் வெளியிட்டார். ஒரு வயதில் பையன் தானாகவே சாப்பாட்டுக்கு "மம்" என்று ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டான் என்று எழுதுகிறார். நம் வீட்டு மம்மு! படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நோட்டில் அவர் மனைவி எம்மா எழுதிய குறிப்புகளும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. அப்பா எழுதினால் ஆராய்ச்சி. அம்மா எழுதினால் பொறுக்குவது.

பிள்ளையின் அந்தரங்கம் என்கிறவர்களுக்கு: போட்டோ போடுவதில்லை, பெயர் சொல்வதில்லை, பள்ளி எது என்று சொல்வதில்லை. குளிப்பது, அடம்பிடித்துத் தரையில் புரள்வது எல்லாம் நோட்டோடு நிற்கும். பெரியவனுக்கு ஆறு வயது ஆனதிலிருந்து அவனைக் கேட்டுத்தான் போடுகிறேன். இரண்டு தடவை வேண்டாம் என்றான், போடவில்லை. இதற்கு மேல் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

கண் படும் என்கிறார் என் மாமியார். அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, "நேத்து அவ சொன்னதை எழுதிட்டியா" என்று அவரேதான் கேட்பார்.

ஒரு தோழி உள்பெட்டியில் எழுதியதுதான் உண்மையில் குத்தியது. "உன் பையன் பத்தாம் மாதம் நடந்தான் என்று நீ எழுதிய அன்று, பதினாறு மாதமாகியும் நடக்காத என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்" என்றாள். அவள் சொன்னது சரி. அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், பிடிக்காமல் நடக்கிற வயது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம்வரை பரந்து கிடக்கிறது. சில பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழ்வதே இல்லை. சின்னவளும் தவழவில்லை, உட்கார்ந்தபடியே தரையைத் துடைத்துக்கொண்டு வீடு முழுக்கப் போனாள். அன்றே இதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அந்தத் தோழி என்னிடம் சண்டை போட்டாள், நான் திருத்திக்கொண்டேன். முப்பது பேரை வைத்துச் சிரிக்கவில்லை.

என் அம்மாவுக்குப் பிறந்த தேதி தெரியாது. பள்ளியில் சேர்க்கப் போனபோது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் எதிர்க்காதைத் தொடச் சொன்னார்கள், தொட்டுவிட்டாள், தலைமையாசிரியர் ஜூன் 1 என்று போட்டுவிட்டார். "ஐப்பசி அடைமழையில் பிறந்தவ" என்று ஆச்சி சொன்னதுதான் அவளிடம் இருந்தது. கடைசிவரை ஜூன் மாதம் யாராவது வாழ்த்துச் சொன்னால் ஒரு மாதிரி முழிப்பாள். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அவள் தம்பிகளுக்கு மட்டும் ஜாதகக் குறிப்பு இருந்தது. இதற்கு என்ன பதில் சொல்வது?

என்னிடமும் ஒன்றுமில்லை. நான் எப்போது பேசினேன், முதலில் என்ன சொன்னேன் என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே என் வயிற்றில் பிள்ளை வந்த பிறகுதான். அதற்குள் அம்மா போய்விட்டாள். அத்தையிடம் கேட்டேன். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. "நீ முதல்ல நடந்தன்னிக்கு உங்க சித்தப்பன்தான் கையை நீட்டிக்கிட்டு எதிரே உட்கார்ந்திருந்தான், காலேஜ் லீவுல வந்திருந்தான், அவனைக் கேளு" என்றாள்.

உங்களைத்தான் சொன்னாள் சித்தப்பா. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இத்தனை வருடம் இருந்துவிட்டேன். கமெண்டில் எழுத வேண்டாம், போன் பண்ணுங்கள். தேதி நினைவில்லாவிட்டால் பரவாயில்லை. திண்ணையா, முற்றமா, எதைக் காட்டி என்னைக் கூப்பிட்டீர்கள், உங்களிடம் வந்து சேர்ந்தேனா, நடுவிலேயே விழுந்துவிட்டேனா, அதை மட்டும் சொல்லுங்கள். எழுதி வைத்துக்கொள்கிறேன்.