மாற்றுச் சிறுநீரகத்தையும் சர்க்கரை விட்டுவைப்பதில்லை

நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மாற்று அறுவை சிகிச்சையே முடிவான தீர்வு என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், புதிதாகப் பொருத்திய சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளிலும், சொந்தச் சிறுநீரகத்தை நீரிழிவு பாதித்தபோது ஏற்பட்ட அதே சவ்வுத் தடிப்பு (வடிகட்டும் மெல்லிய சவ்வு தடித்துப்போவது) சில ஆண்டுகளில் தோன்றக்கூடும். உடல் அவ்வுறுப்பை நிராகரிக்காமலிருக்கத் தரப்படும் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளே சர்க்கரையை ஏற்றிவிடுவதும் உண்டு.

1998இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. இன்சுலின் சுரக்கும் கணையத்தை மாற்றிக்கொண்டதால் சர்க்கரை இயல்புநிலைக்குத் திரும்பிய, முதல் வகை நீரிழிவுடைய 8 பேரின் சொந்தச் சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, 5 ஆண்டுகள் கழித்தும் மாறாதிருந்த தடிப்பு 10 ஆண்டுகளில் தெளிவாகக் குறைந்திருந்தது. சேதம் மீளவே மீளாது என்று எண்ணியிருந்த எனக்கு இது பெரும் நம்பிக்கை அளித்தது.

என் தந்தையின் சிறுநீரில் நுரை வெகுநேரம் அடங்காமல் நின்றதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்துக்கான பரிசோதனை செய்தபோது காலம் கடந்திருந்தது. சிறுநீரில், கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமை அல்புமின் தாண்டும்போதே கண்டறிந்தால், 2019இல் பலன் நிறுவப்பட்ட கனாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மருந்துகளால் நோயின் வேகத்தைக் குறைக்க முடியும். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.