கழுத்து கருத்த கதிரும் 120 கிராம் பாக்கெட்டும்

நேற்று டீக்கடையில் மறுபடியும் அதே பேச்சு. "ட்ரைசைக்ளசோலை நிறுத்தப் போறாங்களாமே, உண்மையா?" நெல்லின் குலை நோய்க்கு நாங்கள் அடிக்கும் பூசண மருந்து அது. 2020 பிப்ரவரியில் மத்திய அரசு வரைவு ஆணை போட்டதிலிருந்து இந்தக் கேள்வி எங்கள் ஊரில் ஓயவில்லை. அதே வருஷம் மே மாதம் 27 பயிர் மருந்துகளுக்கு இன்னொரு தடை வரைவு வந்தது. கார்பன்டாசிம், மேங்கோசெப், திரம் எல்லாம் அந்தப் பட்டியலில். கடைசியில் 2023 இல் முழுத் தடை விழுந்தது சிலவற்றுக்குத்தான். மேங்கோசெப் தப்பித்தது, கொய்யா, சோளம், மரவள்ளிக்கு மட்டும் கூடாது என்றார்கள். ட்ரைசைக்ளசோல் இன்றும் கடையில் கிடைக்கிறது. இருக்குமா போகுமா என்ற இழுபறிதான் தீரவில்லை.

குலை நோயைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழிக் கடைசி. ராத்திரி பனி, பகலில் மூட்டம். பிபிடி நெல் ரகம் கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம். கதிரின் கழுத்தில் ஒரு இடம் மட்டும் எரிந்த தீக்குச்சி மாதிரி கருத்திருக்கும். இரண்டு விரலால் லேசாக இழுத்தால் ஒடிந்து கையோடு வரும். மற்றக் கதிரெல்லாம் தலை சாய்க்கும்போது இது வெள்ளையாக நிமிர்ந்து நிற்கும். அத்தனையும் சாவி, உள்ளே அரிசி இல்லாத பதர். மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு நாலு மா (ஒரு மா என்பது ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு) அப்படிப் போனது. பனியை மட்டும் குறை சொல்ல முடியாது. பயிர் கரும்பச்சையாக இருந்தால்தான் மனசு நிறையும் என்று யூரியாவைக் கூடுதலாக வீசியவன் நான்தான்.

அன்றைக்குப் பதறிப் போய் உரக்கடையில் வாங்கியதுதான் ட்ரைசைக்ளசோலின் 120 கிராம் பாக்கெட். ஏக்கருக்கு ஒன்று. அடித்தேன், ஒரு பயனும் இல்லை. ஏன் என்று பிறகுதான் விளங்கியது. குலை நோயைக் கொண்டுவரும் பூசணம் பயிருக்குள் நுழைய ஒரு குமிழ் மாதிரி உறுப்பை வளர்த்து, அதில் கார் டயரில் இருக்கும் காற்றைப் போல முப்பது நாற்பது மடங்கு அழுத்தத்தை ஏற்றி, திசுவைத் துளைத்துக்கொண்டு போகிறது. அந்த அழுத்தம் நிற்க குமிழின் சுவரில் கருநிறமி வேண்டும். ட்ரைசைக்ளசோல் அந்த நிறமியை உருவாக விடாது. அவ்வளவுதான் அதன் வேலை. வாசலில் நிற்கிற திருடனைத் தடுக்கும். வீட்டுக்குள் வந்துவிட்டவனை ஒன்றும் செய்யாது. கழுத்து கருத்த பிறகு அடிப்பது காசை வாய்க்காலில் விடுவதுதான். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்போதுதான் அடிக்கிறோம்.

சரி, தடைக்கு வருவோம். 2017 இல் ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் இந்த மருந்தின் எச்சம் இருக்கலாம் என்று அனுமதித்த அளவைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 ஆகக் குறைத்தது. பாசுமதி ஏற்றுமதி ஆட்டம் கண்டது. 2022 இல் பஞ்சாப் அரசு பாசுமதியைக் காப்பாற்றப் பத்து மருந்துகளை 60 நாளைக்கு நிறுத்தியது. இதுவும் கார்பன்டாசிமும் அதில் உண்டு. "நம்ம நெல்லு ஐரோப்பாவுக்கா போகுது, டிபிசிக்குத்தானே போகுது" என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். டிபிசி என்கிற அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள், மருந்து எச்சத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் யோசித்தால் அந்த வாதம் நமக்கே திரும்புகிறது. ஐரோப்பாக்காரன் வயிற்றுக்கு ஆகாதது ரேஷன் அரிசி சாப்பிடுகிறவனுக்கு மட்டும் ஆகுமா? துண்டைத் தவிர மூக்கை மூட ஒன்றும் இல்லாமல் டேங்கைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்குகிறாரே, அவருக்கு?

அதனால் தடையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். என் கோபம் வேறு. இதை எடுத்துவிட்டால் அதே கடைக்காரர் அதே மேஜையில் இரண்டு மருந்து கலந்த புதுப் பாட்டிலை வைப்பார், விலை மட்டும் எகிறியிருக்கும். எந்த நாளில் அடிக்க வேண்டும் என்று அப்போதும் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு வேளாண் அலுவலரும் அவர்தான், டாக்டரும் அவர்தான். மாற்று என்று சூடோமோனாஸைச் சொல்கிறார்கள், விதைக்கு கிலோவுக்கு 10 கிராம். நல்லதுதான். நான் கேட்டுப் போன இடத்தில் கிடைத்தது தேதி முடிந்த பாக்கெட். உயிருள்ள பாக்டீரியா அது, தேதி முடிந்தால் வெறும் மாவு. தடை ஆணை எழுதுகிறவர்கள் அதே தாளில், புரட்டாசிக்குள் எந்தக் கிடங்குக்கு எத்தனை கிலோ வரும் என்பதையும் எழுதட்டும். பனி இறங்கும் வாரம் "குலை நோய் வரும், இப்போதே அடி" என்று போனுக்கு ஒரு தகவல் வந்தால், நாங்கள் அடிக்கிற மருந்தில் பாதி தானாகக் குறையும்.

இந்த சம்பாவில் மூன்று மாவில் டிகேஎம் 13 என்ற ரகம் போட்டிருக்கிறேன், நோயைக் கொஞ்சம் தாங்கும் என்றார்கள். மீதி பிபிடிதான், வியாபாரி அதற்குத்தான் விலை சொல்கிறார். யூரியாவைக் குறைத்துவிட்டேன். அப்புறம், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அலமாரியில் மேல் தட்டில் ஒரு 120 கிராம் பாக்கெட்டும் இருக்கிறது.