இடாப்பில இல்லாத கலியாணம்

(திருகோணமலை. கோட்டை வாசலுக்குக் கிட்ட ஒரு சின்ன ஸ்ரூடியோ. வெளியில, வாசல் நிழலில ரெண்டு புள்ளிமான் படுத்துக் கிடக்குதுகள். ஊராக்கள் அதுகளைத் திரும்பியும் பாக்கிறேல்லை; வெள்ளைக்காரர்தான் நிண்டு படம் எடுப்பினம். உள்ளுக்கு ரவி அண்ணை கொம்பியூட்டரைப் பாத்தபடி, மூண்டு நாளாச் சவரம் செய்யாத முகத்தோட. வசந்தி கதவைத் தள்ளிக்கொண்டு வாறா. இந்தக் கிழமையில இது மூண்டாம் தரம்.)

வசந்தி: அண்ணை, என்ர கலியாணப் படம்?

ரவி: வாரும் தங்கச்சி. இரும், இருந்து கதைப்பம்.

வசந்தி: போன ரெண்டு தரமும் இருந்துதான் கதைச்சனாங்கள். இண்டைக்கு நிண்டபடியே வாங்கிக்கொண்டு போறன். படம் இருக்கோ இல்லையோ?

ரவி: இருக்கு.

வசந்தி: எங்க?

ரவி: அதைக் கேக்கக் கூடாது. கோணேசர் மாதிரி. இருக்கிறார் எண்டு நம்ப வேணும்.

வசந்தி: வீட்டில ஆல்பம் இருந்தா நான் ஏன் உங்களிட்ட வாறன்? ஆவணியில கலியாணம், மார்கழி 26 கடல் வந்து ஆல்பத்தைக் கொண்டுபோட்டுது. நாலு பேருக்குக் கூட வடிவாக் காட்டேல்லை. இப்ப மூத்தவள் கேக்கிறாள், "அம்மா, நீங்கள் உண்மையாக் கலியாணம் கட்டினீங்களோ?" எண்டு.

ரவி: உம்மட படத்தை நான் சீடியில போட்டு, பிறகு ஹாட் டிஸ்க்கில போட்டு, இருபது வருஷமாப் பிள்ளை மாதிரிப் பாத்து வச்சிருந்தனான் தங்கச்சி.

வசந்தி: கடலுக்குத் தப்பின படம், உங்கட அப்டேட்டுக்குத் தப்பேல்லை.

ரவி: நானாத் தேடிப் போகேல்லை. வெள்ளிக்கிழமை கேட்டுது, "புது வேர்ஷன் வந்திருக்கு, போடட்டோ?" எண்டு. பிறகு எண்டு அமத்தினன். சனிக்கிழமையும் கேட்டுது. ஞாயிறு விடிய, நான் ரீ குடிக்க முந்திக் கேட்டுது. சீட்டுக்காசு கேக்கிறவை கூட மூண்டு நாள் தொடர்ந்து வாசலுக்கு வரமாட்டினம். முகத்துக்கு அஞ்சி "ஓம்" எண்டு அமத்திப் போட்டன்.

வசந்தி: பழசில என்ன குறை?

ரவி: ஒரு குறையும் இல்லை.

வசந்தி: அப்ப புதுசில என்ன விசேஷம்?

ரவி: வெள்ளையா இருந்த திரையை முழுக்கக் கறுப்பாக்கி இருக்கிறாங்கள். செத்த வீட்டுக்குள்ள நிண்டு வேலை செய்யிற மாதிரிக் கிடக்கு. அச்சடிக்கிற பொத்தானை இடத்தை மாத்தி எங்கயோ ஒளிச்சிருக்கிறாங்கள். ஒரு படத்துக்கு நட்சத்திரம் குடுத்தா இப்ப "டிங்" எண்டு சத்தம் போடும்.

வசந்தி: டிங்?

ரவி: டிங்.

வசந்தி: அந்த டிங்குக்காகவோ என்ர கலியாணத்தைத் துலைச்சனீங்கள்?

ரவி: துலைக்கேல்லை எண்டுறன். விளங்கப்படுத்துறன், கேளும். படம் எல்லாம் ஹாட் டிஸ்க்கில பத்திரமாத்தான் கிடக்கு. இந்தச் சொஃப்ட்வெயர் படத்தை வச்சிருக்கிறேல்லை. எந்தப் படம் எங்க, எந்தத் திகதி, ஆர் ஆர் நிக்கினம் எண்டு ஒரு இடாப்பு வச்சிருக்கும். அதுதான் கற்றலொக். இப்ப வகுப்பில பிள்ளையள் இருக்கினம், இடாப்புத்தான் குழம்பிப் போச்சு.

வசந்தி: இடாப்பு இல்லாட்டி என்ன, வகுப்புக்குள்ள போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோவன்.

ரவி: ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் பிள்ளையள். ஒருத்தருக்கும் பேர் இல்லை, நம்பர்தான். நான் இடாப்பை நம்பி எல்லாத்தையும் கண்டபாட்டுக்குப் போட்டிட்டன். ஒரு ஃபோல்டர் "புதுசு". ஒண்டு "புதுசு 2". ஒண்டு "கடைசி". ஒண்டு "உண்மையாக் கடைசி".

வசந்தி: பழைய வேர்ஷனைத் திருப்பிப் போட ஏலாதோ?

ரவி: போட்டன். புதுசு இடாப்பைத் தன்ர பாணிக்கு மாத்தி எழுதிப்போட்டுது. பழசு அதைப் பாத்திட்டு, "இது எனக்குப் பிறகு வந்தவர் எழுதினது, எனக்கு வாசிக்கத் தெரியாது" எண்டு துறக்க மாட்டனெண்டுது.

வசந்தி: ஒரு பிரதி கூட எடுத்து வைக்கேல்லையோ நீங்கள்?

ரவி: என்ன கதை கதைக்கிறீர்? ஒவ்வொரு இரவும் பன்ரெண்டு மணிக்குத் தானாப் பிரதி எடுக்கும். ஞாயிறு இரவும் கடமை தவறாமல் எடுத்திருக்கு. குழம்பின இடாப்பை, நல்ல இடாப்புக்கு மேலால.

(வசந்தி கதிரையில இருக்கிறா. நிண்டபடி கேக்கிற கதை இல்லை எண்டு விளங்கியிட்டுது.)

வசந்தி: சரி, "கலியாணம்" எண்டு அடிச்சுத் தேடுங்கோ.

ரவி: தேடினன். நான் பத்து வருஷமாத் தமிழில பேர் எழுதி வச்சனான், கோயில், கலியாணம், சாமத்தியவீடு எண்டு. புதுசுக்குத் தமிழ் விளங்கேல்லை. எல்லாத்தையும் கேள்விக்குறி ஆக்கிப்போட்டுது. இஞ்ச பாரும், ஆறு கேள்விக்குறி, ஏழு கேள்விக்குறி, நாலு கேள்விக்குறி...

வசந்தி: இதில எந்தக் கேள்விக்குறி என்ர கலியாணம்?

ரவி: அதை உம்மட மனிசனிட்டத்தான் கேக்க வேணும்.

வசந்தி: திகதியை வச்சுத் தேடுங்கோ.

ரவி: திகதி... அதையும் பாரும். ஸ்கான் பண்ணிப் போட்ட பழைய படம் எல்லாம், 1970 தை மாதம் முதலாம் திகதி, விடிய அஞ்சரை.

வசந்தி: எல்லாமோ?

ரவி: எல்லாம். என்ர அப்பா அம்மாவின்ர கலியாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பத்திரகாளி கோயில் பூங்காவனம், எங்கட மச்சானுக்குக் காது குத்தினது. ஒரே நாள், ஒரே நிமிஷம். அந்தப் படப்பிடிப்பாளன் என்ன பாடு பட்டிருப்பான்!

வசந்தி: அது ஏன் அஞ்சரை?

ரவி: கொம்பியூட்டர் உலகத்தில நேரத்தை எண்ணத் துவங்கினது அந்த நாளாம், கிறீனிச் நேரம் நடுச்சாமம். நாங்கள் அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. திகதி இல்லாத படத்துக்குச் சைபர் எண்டு எழுதிப்போட்டு, சைபரைத் திகதியா வாசிச்சிருக்கு.

வசந்தி: அப்ப இடத்தை வச்சு? வரைபடம் எல்லாம் காட்டும் எண்டீங்கள்.

ரவி: (வரைபடத்தைத் துறக்கிறார்) காட்டுது. நிலாவெளியில குளிச்ச சனம் எல்லாம் எங்க நிக்கினம், பாரும்.

வசந்தி: நீலமாக் கிடக்கு. கடல்தானே? சரிதானே?

ரவி: கடல்தான். பனிக்கடல். எங்கட ஊர் எட்டுப் பாகை வடக்கு, எண்பத்தொரு பாகை கிழக்கு. இது மாறி வாசிச்சு, எண்பத்தொரு பாகை வடக்கு, எட்டுப் பாகை கிழக்கு எண்டு கொண்டுபோய் நோர்வேக்கும் மேல விட்டிருக்கு.

வசந்தி: அட கடவுளே. ஏஜென்சிக்குக் காசு கட்டிப்போட்டு எத்தினை பெடியள் போகேலாமல் நிக்கிறாங்கள். நீங்கள் ஒரு பொத்தானை அமத்தி, ஒரு பஸ் சனத்தை நோர்வே தாண்ட விட்டிருக்கிறீங்கள்.

ரவி: கன்னியாக் கிணறும் அங்கதான் நிக்குது. ஏழும்.

வசந்தி: அது பரவாயில்லை. அங்கதான் சுடுதண்ணி தேவை.

(கரண்ட் ஒருக்காப் போய் வருகுது. ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு திரையைப் பாக்கினம். "சின்னப் படங்கள் தயாராகின்றன: 2 சதவீதம்" எண்டு இருந்தது இப்ப 1 சதவீதம்.)

வசந்தி: குறையுது!

ரவி: சில நேரம் குறையும். நேற்று ஆறு வரைக்கும் ஏறி, யோசிச்சுப் பாத்திட்டு இறங்கி வந்தது.

வசந்தி: இதுகளை ஆருக்காவது எழுதிச் சொன்னீங்களோ?

ரவி: எழுதினன். "தங்கள் கருத்துக்கு நன்றி, இது கோளாறு அல்ல, புதிய வசதி" எண்டு பதில் வந்தது. பாஸ்போட் சைஸ் படம் எல்லாத்துக்கும் வெள்ளைப் பின்னணி எண்டதால "ஒரே படம் 4,000 தரம் இருக்கு, ஒண்டை மட்டும் வச்சுக்கொள்ளட்டோ?" எண்டு கேக்குது. அதுவும் வசதிதானாம். அதுக்கு மட்டும் நான் ஓம் எண்டு அமத்தேல்லை. படிச்சிட்டன்.

வசந்தி: முகம் பாத்துப் பிடிக்கும் எண்டு பெருமை அடிச்சீங்களே, அது?

ரவி: (முகத்தில கொஞ்சம் வெளிச்சம்) அது வேலை செய்யுது. கூடத்தான் வேலை செய்யுது. கோபுரத்துப் பொம்மை ஒவ்வொண்டுக்கும் வட்டம் போட்டு "இவர் யார்?" எண்டு கேக்குது. சுவாமி மலையில கைகூப்பி நிக்கிற இராவணன் சிலை தெரியும்தானே? அதில பத்துப் பேர் நெருக்கி நிண்டு படம் எடுத்ததா நினைச்சு, பத்துப் பேர் கேட்டுது. ஏழாவது தலைக்குத் தானே ஒரு ஆளையும் சொல்லிச்சுது, "இது விதானையாரோ?" எண்டு.

வசந்தி: நீங்கள் என்ன செய்தீங்கள்?

ரவி: எங்கட விதானையாரை உமக்குத் தெரியும்தானே. ஓம் எண்டு அமத்தினன்.

வசந்தி: கொஞ்சம் கீழ போங்கோ. உது என்ன, "மான்" எண்டு ஒரு ஆள்?

ரவி: அது நான் வச்ச பேர். வாசலில படுத்திருக்கிறதுகளின்ர முகத்தையும் ஆக்கள் எண்டு பிடிச்சிட்டுது. 412 படம்.

வசந்தி: துறவுங்கோ.

ரவி: மான்தான் தங்கச்சி, எல்லாம் மான்.

வசந்தி: இல்லை, நிப்பாட்டுங்கோ. மேல. இன்னும் மேல. இது மான் இல்லை.

ரவி: (கண்ணாடியைப் போட்டுப் பாக்கிறார்) தலைப்பாகை...

வசந்தி: எங்கட மனிசன்!

ரவி: தலைப்பாகைத் தும்பு ரெண்டு பக்கமும் கிளம்பி நிக்குது. கொம்பு எண்டு நினைச்சிட்டுது போல.

வசந்தி: முழியைப் பாத்தும் நினைச்சிருக்கலாம். உது எந்த நேரம் எடுத்தது? நான் பக்கத்தில குனிஞ்சு இருக்கிறன்.

ரவி: தாலி கட்டுற நேரம்! கண்டுபிடிச்சாச்சு! என்ர தம்பி வெளியால இருந்து கொண்டு வந்த மூண்டு மெகாபிக்சல் கமரா, அந்த நேரம் ஊரில புதினம். என்ன துலாம்பரம் பாரும்.

வசந்தி: (கொஞ்ச நேரம் பேசாமல் பாக்கிறா) அம்மா நிக்கிறா பின்னால... அந்தச் சீலையும் கடலோட போட்டுது... (கண்ணைத் துடைச்சு) அண்ணை, கீழ நேரம் எட்டே முக்கால் எண்டு கிடக்கு.

ரவி: அது பிழை. ஒன்பதேகாலுக்குத்தான் தாலி. மண்டபத்து மணிக்கூட்டைப் பாத்துத்தான் கமராவுக்கு நேரம் வச்சனான்.

வசந்தி: அப்ப ஏன் அரைமணி குறையுது?

ரவி: ஆ, விளங்குது. 96 இல கரண்ட் மிச்சம் பிடிக்க எண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை, ஞாபகமோ? வைகாசியில தள்ளி, ஐப்பசியில அரைமணியைத் திருப்பித் தந்தவை. மற்ற அரைமணி 2006 சித்திரையிலதான் கிடைச்சது. புது நேரமோ, பழைய நேரமோ எண்டு எல்லாரும் கேட்டுக் கேட்டுத் திரிஞ்ச காலம். உம்மட கலியாணம் அதுக்கு நடுவில. பழைய வேர்ஷன் கமரா எழுதினதை எழுதினபடி காட்டும். புதுசு கெட்டித்தனமா உலக நேரத்துக்கு மாத்தி, பிறகு இண்டையான் கணக்குக்குத் திருப்பி... அதுதான் அரைமணி விழுந்து போச்சு.

வசந்தி: அப்ப எட்டே முக்கால் எண்டது பழைய நேரம்.

ரவி: ஓம்.

வசந்தி: அண்ணை, என்ர கலியாணம் திங்கக்கிழமை.

ரவி: சரி.

வசந்தி: திங்கக்கிழமை ராகு காலம் ஏழரையில இருந்து ஒன்பது.

ரவி: அதுதானே ஒன்பதுக்குப் பிறகு முகூர்த்தம் வச்சவை.

வசந்தி: எந்த ஒன்பது?

(ரவி வாயைத் துறந்து, மூடுறார்.)

வசந்தி: ராகு காலம் சூரியன் உதிக்கிற கணக்கு. அரசாங்கம் முள்ளைத் திருப்பினது ராகுவுக்குத் தெரியுமோ?

ரவி: ஐயர் அதெல்லாம் கழிச்சுப் பாத்திருப்பார்...

வசந்தி: ஐயர் பஞ்சாங்கத்தைப் பாத்தார். பிறகு மண்டபத்துச் சுவரைப் பாத்தார். நடுவில நிண்ட அரைமணியை ஒருத்தரும் பாக்கேல்லை. உங்கட சொஃப்ட்வெயர்தான் பாத்திருக்கு.

ரவி: தங்கச்சி, குடும்பத்துக்குள்ள குழப்பம் வேண்டாம். இந்த நேரத்தை நான் திருத்தி விடுறன், ரெண்டு நிமிஷ வேலை.

வசந்தி: கை வைக்காதேங்கோ! தேங்காய் வாங்க அனுப்பினா தூண்டில் வாங்கிக்கொண்டு வாற மனிசன். அதுக்கும் காரணம் என்ர சாதகமாம். இருபது வருஷமா மாமி சொல்லுறா, "மூலம், நான் அப்பவே சொன்னனான்" எண்டு. அந்த நேரம் கீழ வடிவாத் தெரியிற மாதிரி அடிச்சுத் தாங்கோ.

ரவி: எத்தினை?

வசந்தி: ரெண்டு. வீட்டுக்குச் சின்னன். மாமிக்குப் பெரிசு, பிரேம் போட்டு.

(ரவி ஒளிச்சு வச்ச அச்சடிக்கிற பொத்தானைத் தேடத் துவங்குறார். வசந்தி மேசைக்கு மேலால எட்டி, மவுஸைப் பிடிச்சு, அந்தப் படத்துக்கு அஞ்சு நட்சத்திரம் குடுக்கிறா. டிங். வெளியில ஒரு மான் தலையைத் தூக்கிப் பாக்குது.)