நடக்கச் சொன்னார்கள், மலை ஏறுகிறவர்களிடம்

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி இதய முகாமில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். பேசியவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. "எஸ்டேட் ஆளுங்களுக்கு உடம்பைப் பார்த்துக்கத் தெரியாது, தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று அவர் சொன்னபோது முன்வரிசையில் இருந்த என் அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்தபின் எப்படிச் சும்மா இருப்பது?

அண்ணன் 47 வயதில் நெஞ்சுவலியில் போனான். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு சரிவில் ஏறி இறங்கியே வாழ்ந்தவன். பீடி தொட்டதில்லை. அவனுக்கு நடையா குறைச்சல்?

அம்மாவின் தகரப் பெட்டியில் அவனுடைய எடை அட்டை இன்னும் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, மை ஊறிப்போயிருக்கிறது. பிறந்தபோது 1.9 கிலோ. ஒரு வயதில் 6.4. அம்மா எட்டாம் மாதம் வரை கொழுந்து பறித்தவர்.

இதே மாதிரிக் குறிப்புகளை இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் எழுதி வைத்திருந்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆய்வாளர் அந்த நோட்டுகளைத் தேடியெடுத்து, 5,654 ஆண்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். ஒரு வயதில் எடை குறைந்திருந்தவர்களே இதய நோயில் அதிகம் இறந்திருந்தார்கள். 1989-லேயே வெளிவந்த விஷயம். அது வெள்ளைக்காரன் ஊர் என்பீர்கள். சரி, நம் மலையை இறங்கினால் மைசூர். அங்கே 1996-ல் வந்த ஆய்வில், 2.5 கிலோவும் அதற்குக் கீழும் பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதம்தான். வயிற்றில் ஊட்டம் போதாத பிள்ளைக்குச் சிறுநீரக வடிகட்டிகளே குறைவாக அமைகின்றன. பிரஷர் ஏற அதுவும் ஒரு காரணம்.

"அப்போ குடிக்கிறவனைக் கேட்கக் கூடாதா?" கேளுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள். "எடை குறைஞ்சு பிறந்த எல்லாருக்குமா வருது?" வராதுதான். ஆனால் ஆபத்து கூடுதல் என்று தெரிந்தும், பிறக்கும் முன்பே பட்டினி கிடந்தவனைப் பார்த்து ஒழுங்காக வாழவில்லை என்பீர்களா?

"அப்ப உங்க அம்மா மேலதானே தப்பு?" என்று நேற்று ஒருவர் கேட்டார். ஆறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, கடைசியில் சட்டியை வழித்துத் தின்றவர் என் அம்மா. பேறுகாலத்திலும் அப்படித்தான். அவரா குற்றவாளி?

அடுத்த முகாமை டவுனில் வைக்காதீர்கள். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு ஏறி வாருங்கள். காலையில் ஏழு மாத வயிற்றோடு கூடையை மாட்டிக்கொண்டு போகும் பெண்களை நிறுத்தி, சாப்பிட்டாயா என்று முதலில் கேளுங்கள்.