முதலாளிக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கும் ரசிகர்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மைதானத்தில் ஆட்டம் கிடையாது. ஆனால் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் ரசிகர்களின் சண்டை சூடு பிடிப்பது அப்போதுதான். வீரர்களின் கான்ட்ராக்ட், டிரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரம்) பற்றிய சண்டை அது. அதில் இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி மொத்தத் தொகையைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொள்ளும். இன்னொரு கோஷ்டி எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இவருக்கு வருஷம் 22 மில்லியனுக்கு மேல் ஒரு டாலர் கொடுத்தாலும் நஷ்டம்" என்று தீர்ப்பு சொல்லும். முதல் கோஷ்டிக்குக் கணக்கு தெரியாது. இரண்டாவது கோஷ்டிக்குக் கணக்கு தெரியும், அது யாருடைய கணக்கு என்பது மறந்துபோகும். என் சண்டை இரண்டாவது கோஷ்டியோடுதான். அதற்குமுன் முதல் கோஷ்டியை முடித்துவிடலாம்.

செய்தியில் வரும் மொத்தத் தொகைதான் ஒரு கான்ட்ராக்டில் மிகக் குறைவாகப் பயன்படும் எண். ஷோஹெய் ஓட்டானி 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியுடன் போட்டது 10 வருஷம், 700 மில்லியன் டாலர். ஹுவான் சோட்டோ 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணியுடன் போட்டது 15 வருஷம், 765 மில்லியன். நேராக வகுத்தால் ஓட்டானி வருஷத்துக்கு 70, சோட்டோ 51. ஆனால் லீகின் சொகுசு வரிக் கணக்கில் (சம்பளச் செலவு ஒரு கோட்டைத் தாண்டினால் அணி கட்டும் வரி) ஓட்டானி சுமார் 46 மில்லியன்தான். சோட்டோ முழு 51. அதாவது அணிக்கு வரிக் கணக்கில் ஓட்டானி மலிவு. அவர் ஆடும் வருஷங்களில் கையில் வாங்குவது வருஷத்துக்கு 2 மில்லியன். மீதி 68 மில்லியன் வீதம் 2034 முதல் 2043 வரை, வட்டி இல்லாமல் வரும். பல வருஷம் கழித்து வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துத்தான் லீக் கணக்கில் எடுக்கும். சோட்டோவின் கான்ட்ராக்டில் தள்ளிவைத்த பணம் ஒரு டாலர்கூட இல்லை. அந்த 765-க்குள்ளேயே 75 மில்லியன் கையெழுத்து போனஸ். 2029 சீசன் முடிந்ததும் அவர் விலகிக்கொள்ளலாம். மெட்ஸ் அதைத் தடுக்க நினைத்தால் மீதிப் பத்து வருஷத்துக்கும் வருஷம் 4 மில்லியன் கூட்டிக் கொடுக்க வேண்டும். மொத்தம் 805 ஆகிவிடும்.

முன்னாள் மெட்ஸ் வீரர் பாபி பொனியா பேரைச் சொல்லாமல் தள்ளிவைத்த பணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் மெட்ஸ் அவருக்குச் சுமார் 1.19 மில்லியன் கொடுக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். அங்கே பிழை பணத்தைத் தள்ளிவைத்ததில் இல்லை. 5.9 மில்லியன் பாக்கிக்கு 8 சதவீத வட்டி ஒப்புக்கொண்டார்களே, அதில் இருக்கிறது. ஓட்டானிக்கு வட்டி பூஜ்யம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

சொகுசு வரி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் "இன்னும் ஒரு பிட்சரை (பந்து வீசுபவரை) எடுத்தால் என்ன குறைந்துவிடும்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. ஐபிஎல்லில் இருப்பது மாதிரி மொத்தச் செலவுக்கு இங்கே உச்சவரம்பு இல்லை. ஒரு கோடு மட்டும் உண்டு: 2025-ல் 241 மில்லியன், 2026-ல் 244. முதல் வருஷம் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாவது வருஷம் 30, மூன்றிலிருந்து 50. கோட்டுக்கு மேலே 20, 40, 60 மில்லியன் என்று படிப்படியாகக் கூடுதல் வரி. 60-ஐத் தாண்டிய பகுதிக்கு மேற்கொண்டு 60 சதவீதம். ஆக, தொடர்ந்து தாண்டும் மெட்ஸ், டாட்ஜர்ஸ் போன்ற அணிகளுக்கு உச்சிப் படியில் 110 சதவீதம். 20 மில்லியன் பிட்சர் அவர்களுக்கு 42 மில்லியன் பிட்சர். 40 மில்லியனைத் தாண்டினால் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த டிராஃப்டில் அணியின் முதல் தேர்வு 10 இடம் கீழே போகும். ஒரே ஒரு வருஷம் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் விகிதம் மறுபடி 20-லிருந்து தொடங்கும். இந்தக் கடைசி விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்டன் கதையில் வரும்.

இனி டிரேட். டிரேடில் புழங்கும் உண்மையான நாணயம் வருஷங்கள்தான். ஒரு வீரர் மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு வருஷ சர்வீஸ். அப்படி ஆறு வருஷம் முடிந்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது விரும்பிய அணிக்குப் போகலாம். முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி (2025-ல் 7,60,000 டாலர்), அடுத்த மூன்று வருஷம் ஆர்பிட்ரேஷன், அதாவது ஒத்துப்போகாவிட்டால் நடுவர் சம்பளத்தை முடிவு செய்வார். யாரையாவது டிரேட் செய்யச் சொல்லி எழுதுமுன் அவருடைய சர்வீஸ் எண்ணைப் பாருங்கள். 4.120 என்றால் நான்கு வருஷம் 120 நாள். அணியின் பிடியில் இன்னும் இரண்டு சீசன். பேட்டிங் சராசரியைவிட அந்த எண்தான் விலையை முடிவு செய்யும்.

சோட்டோவின் பயணத்தையே பாருங்கள். 2022-ல் அவருடைய அணியான வாஷிங்டன் நேஷனல்ஸ் 15 வருஷம் 440 மில்லியன் கொடுக்க முன்வந்தது, அவர் மறுத்தார். ஆகஸ்டில் சான் டியேகோ பாட்ரெஸுக்குப் போனபோது ஃப்ரீ ஏஜென்ட் ஆக இன்னும் இரண்டரை சீசன் இருந்தது. அதனால் சோட்டோவுக்கும் ஜாஷ் பெல்லுக்கும் வாஷிங்டன் வாங்கியது ஆறு பேர்: மெக்கென்ஸி கோர், சிஜே ஏப்ரம்ஸ், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசெல், ஹார்லின் சுசானா, லூக் வாய்ட். வாய்ட் இருந்த இடத்தில் முதலில் இருந்தவர் எரிக் ஹாஸ்மர். அவர் கான்ட்ராக்டில் டிரேடுக்கு மறுப்புச் சொல்லும் உரிமை இருந்தது. வாஷிங்டனுக்கு மாட்டேன் என்றுவிட்டார். (டிரேட் யோசனை எழுதுகிறவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் இந்த ஷரத்தைப் பார்ப்பதே இல்லை.) ஏப்ரம்ஸ் 2024-லும், கோரும் வுட்டும் 2025-லும் ஆல் ஸ்டார் (லீகின் நட்சத்திர அணி) ஆனார்கள்.

2023 டிசம்பரில் அதே சோட்டோ நியூயார்க் யாங்கீஸுக்குப் போகும்போது மிச்சம் ஒரே சீசன், அதுவும் 31 மில்லியன் சம்பளத்தில். விலை அடியோடு மாறிவிட்டது. பாட்ரெஸுக்குக் கிடைத்தது ஐந்து பேர்: மைக்கேல் கிங், ட்ரூ தோர்ப், ஜோனி ப்ரிட்டோ, ராண்டி வாஸ்கெஸ், கைல் ஹிகஷியோகா. பேரைக் கேட்டதும் எழுந்து உட்கார வைக்கும் ஆள் யாருமில்லை. சான் டியேகோ ஏமாந்துவிட்டது என்று எழுதித் தள்ளினார்கள். நடந்தது என்ன? ரிலீவராக (நடுவில் வந்து வீசுபவர்) வந்த கிங் 2024-ல் ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர்) 173 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 201 ஸ்டிரைக் அவுட், 2.95 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி). தோர்ப்பை மூன்று மாதம் சொச்சமே வைத்திருந்து, இன்னும் மூன்று பேரைச் சேர்த்து சிகாகோ வொயிட் சாக்ஸுக்குக் கொடுத்து டிலன் சீஸை வாங்கினார்கள். சீஸ் அந்த ஜூலையில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம் (நோ ஹிட்டர்) வீசினார், அதுவும் வாஷிங்டனில். கிங்குக்கு இரண்டு சீசன் பாக்கி, சீஸுக்கும் இரண்டு. ஒரு சோட்டோ சீசன் நான்கு ஸ்டார்ட்டர் சீசன்களாக மாறியது. யாங்கீஸுக்கும் நஷ்டமில்லை. சோட்டோ 41 ஹோம் ரன் அடித்தார், கிளீவ்லாந்தில் பத்தாவது இன்னிங்ஸில் அவர் அடித்த மூன்று ரன் ஷாட்தான் அவர்களை இறுதிப் போட்டியான வேர்ல்டு சீரிஸுக்குக் கொண்டுபோனது. கூடவே ஒட்டுக்கு வந்த ட்ரென்ட் கிரிஷம் 2025-ல் 34 ஹோம் ரன். "யார் ஜெயித்தார்கள்" என்று கேட்கிறவர்களுக்கு இந்த டிரேடில் பதில் கிடையாது. இரண்டு பேரும் வேண்டியதை வாங்கிக்கொண்டார்கள்.

ரோஸ்டர் இடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் ஒரு பாரா. "நம்ம நாலு ப்ராஸ்பெக்ட் (வளரும் இளம் வீரர்) கொடுத்து ஒரு ஸ்டாரை வாங்கலாம்" என்ற யோசனை விழுவது பெரும்பாலும் ஒவ்வொரு அணியும் வைத்திருக்கும் 40 பேர் பட்டியலில்தான். நாலு பேரும் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் என்றால், அவர்களை வாங்கும் அணி தன் பட்டியல் நிரம்பியிருந்தால் மூன்று பேரைக் கழற்றிவிட வேண்டும். ஆப்ஷன் எத்தனை பாக்கி என்பதும் முக்கியம். கீழ்நிலையான மைனர் லீகுக்கு அனுப்பிக் கூப்பிட ஒருவருக்குப் பொதுவாக மூன்று சீசன்தான் அனுமதி. அது தீர்ந்த 25 வயதுக்காரரை மேஜர் லீகில் ஆடும் 26 பேர் அணியில் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு அணி எடுத்துக்கொள்ள வெய்வரில் விட வேண்டும். ஸ்டாட்ஸ் ஒன்றாக இருந்தாலும் ஆப்ஷன் உள்ள ஆளுக்கும் இல்லாத ஆளுக்கும் விலை ஒன்றல்ல. சில வருஷம் மைனர் லீகில் இருந்தவர்களை நவம்பரில் பட்டியலில் சேர்க்காமல் விட்டால், மற்ற அணிகள் அவர்களைத் தூக்கிக்கொள்ளும் டிசம்பர் ரூல் 5 டிராஃப்டில் போய்விடலாம். யாங்கீஸ் காரெட் விட்லாக்கை அப்படி விட்டது. 2020 டிசம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை 1,00,000 டாலருக்குத் தூக்கியது. பரம எதிரிக்கே!

சரி, வீரர் எவ்வளவு பெறுவார்? கணக்கு இப்படிப் போகும். வார் என்பது, மைனர் லீகிலிருந்து சும்மா கிடைக்கும் ஆளைவிட இவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்ற மதிப்பீடு. 30 வயதில் 4 வார் ஆடும் ஒருவருக்கு ஐந்து வருஷ கான்ட்ராக்ட் என்று வைப்போம். வருஷம் அரை வார் தேய்மானம் போட்டால் 4, 3.5, 3, 2.5, 2; மொத்தம் 15. ஒரு வாருக்கு 8 முதல் 10 மில்லியன் என்று ரசிகர்கள் வைத்துக்கொள்ளும் விலையில் 120 முதல் 150 மில்லியன். இதற்குள் வந்தால் நியாய விலை. ஆனால் எந்த வார் என்று சொல்லிவிட்டு வாதாடுங்கள். வார் கணக்கிடும் தளங்கள் இரண்டு. பிட்சருக்கு ஃபேன்கிராஃப்ஸ் பார்ப்பது ஸ்டிரைக் அவுட், வாக், ஹோம் ரன். பேஸ்பால் ரெஃபரன்ஸ் பார்ப்பது கொடுத்த ரன். ஒரே ஆளுக்கு இரண்டு இடத்திலும் 2 வார் வித்தியாசம் வரலாம். கேட்சர் பந்தை ஸ்டிரைக் போலத் தோன்றும்படி பிடித்துக் காட்டும் திறமை முதலாவதில் உண்டு, இரண்டாவதில் இல்லை. ஃபீல்டிங் எண்ணை ஒரே சீசனை வைத்து நம்பவே கூடாது. பிட்சரின் உடம்பு எப்போது கைவிடும் என்று எந்த சூத்திரமும் சொல்லாது: ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 2019 டிசம்பரில் 7 வருஷம் 245 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார், அதற்குப் பிறகு வீசியது எட்டே ஆட்டம்.

இங்கேதான் இரண்டாவது கோஷ்டியோடு எனக்குத் தகராறு. இந்தக் கணக்கில் எப்போதும் "உபரி மதிப்பு" என்று ஒன்று வரும். வீரர் தரும் வெற்றிக்கும் வாங்கும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளி. அது யார் பைக்குப் போகிறது? 2015-ல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்டை ஏப்ரல் 17 வரை மைனர் லீகிலேயே வைத்திருந்தது. அந்த சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரு நாள் குறைவு, அதனால் ஒரு முழு வருஷம் கூடுதலாக அணியின் பிடியில். நடுவரிடம் முறையிட்டார், 2020-ல் தோற்றார். 2016-ல் எம்விபி (மிகச் சிறந்த வீரர்) ஆகி, 108 வருஷம் கழித்துக் கோப்பை வாங்கிக்கொடுத்தபோது அவர் சம்பளம் 7 லட்சம் டாலருக்கும் குறைவு. கடைசியில் 30 வயதில் கொலராடோ ராக்கீஸ் கொடுத்த 182 மில்லியன், முதுகு வலியில் கரைந்தது. அந்த 182-ஐக் காட்டிக் கேலி செய்கிறவர்கள் 2016 சம்பளத்தைச் சேர்த்து மொத்த வாழ்க்கைக்கும் கணக்குப் போடுவதில்லை. லீகும் வீரர் சங்கமும் போட்ட 2022 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு கொஞ்சம் சரிசெய்திருக்கிறார்கள். சிறந்த புதுமுகத் தேர்வில் முதல் இரண்டு இடம் வந்தால் முழு வருஷ சர்வீஸ் கிடைக்கும். 2024 மே மாதம் வந்த பால் ஸ்கீன்ஸுக்கு அப்படித்தான் கிடைத்தது.

அடுத்து மூக்கி பெட்ஸ். 2020 பிப்ரவரியில் பாஸ்டன் அவரையும் டேவிட் பிரைஸையும் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் மூவரை வாங்கியது. பிரைஸின் மிச்சச் சம்பளம் 96 மில்லியனில் பாதியைப் பாஸ்டனே கட்ட ஒப்புக்கொண்டது. ரசிகர்கள் வீரர்களுக்குப் போடும் மதிப்புப் பட்டியலை வைத்துப் பார்த்தால் தப்பே சொல்ல முடியாது: பெட்ஸுக்குப் பாக்கி ஒரே சீசன், கூட ஒரு கனத்த கான்ட்ராக்ட், பதிலுக்கு நல்ல இளம் வீரர்கள், வரி விகிதமும் திரும்ப 20-க்கு வந்துவிடும். அன்றைக்கு எத்தனையோ ரசிகர்கள் இதை அப்படியே எழுதி நியாயப்படுத்தினார்கள். ஐந்து மாதத்தில் டாட்ஜர்ஸ் பெட்ஸுக்கு 12 வருஷம் 365 மில்லியன் கொடுத்தது, அதற்குப் பிறகு அவரோடு மூன்று கோப்பையும் வாங்கிவிட்டது. டவுன்ஸை பாஸ்டன் 2022 டிசம்பரில் வெளியே விட்டது. பட்டியலுக்குத் தெரியாத ஒன்று உண்டு, யாரிடம் பணம் இருக்கிறது என்பது. பிட்ஸ்பர்க், டாம்பா பே மாதிரி சின்ன அணிகளின் கணக்கை பாஸ்டனுக்குப் போட்டால் விடை எப்போதும் "விற்றுவிடு" என்றுதான் வரும். பாஸ்டனின் மைதானமான ஃபென்வே பார்க் டிக்கெட் விலை டாம்பா பே விலை இல்லையே.

அந்த 2022 தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைக்கும் போட்டது. டாட்ஜர்ஸைப் பார்த்து எரிச்சலில் "உச்சவரம்பு வேண்டும்" என்று எழுதுகிறவர்கள் கூடவே மூன்றை எழுதுங்கள்: வருமானத்தில் எத்தனை சதவீதம் வீரர்களுக்கு, குறைந்தபட்சச் செலவு எவ்வளவு, ஆறு வருஷக் காத்திருப்பு எத்தனை ஆகும். இந்த மூன்றும் இல்லாமல் உச்சவரம்பு மட்டும் கேட்டால், மிச்சமாகும் பணம் உங்கள் அணியின் ஷார்ட் ஸ்டாப்புக்கு வராது.